பேக்கரி டிவியில விளம்பரம் போட்டு சைடு இன்கம்: 19 நாள் ஒரு தடவைகூட ஓடாத விளம்பரமும், நான் கத்துக்கிட்ட கணக்கும்



"சம்பளம் தவிர வேற என்ன வருமானம் வருது உங்களுக்கு?"ன்னு வீடியோ கமெண்ட்ல அடிக்கடி கேக்கறீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. எங்க மாமா பேக்கரியில ஒரு டிவி மாட்டி, அதுல பக்கத்துக் கடைக்காரங்க விளம்பரம் ஓட்டறேன். மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம் வருது. கேக்க ஈஸியா இருக்கும். ஆனா ஆரம்பிச்ச முதல் மாசமே ஒருத்தர்கிட்ட வாங்கின காசை முழுசாத் திருப்பிக் கொடுத்தேன். காசை விடுங்க, மாமா முகத்தைப் பாக்க முடியாம ஒரு வாரம் பேக்கரிப் பக்கமே போகல.

தப்பு என்னன்னா, எந்த விளம்பரம் எப்ப, மணிக்கு எத்தனை தடவை குறுக்க வரணும்னு சாஃப்ட்வேர்ல நான் சரியா செட் பண்ணல. அவ்ளோதான். இந்தத் தொழில்ல நீங்க விக்கறதே அந்த "எப்ப, எத்தனை தடவை"யைத்தான். டிவி வெறும் டப்பா.

இதே மாதிரி பண்ணலாமான்னு யோசிக்கறவங்களுக்காக முழுக் கணக்கையும் இங்க போடறேன்.

முதல்ல முதலீடு

திருப்பூர் பக்கம் மெயின் ரோட்டுல மாமாவோட பேக்கரி. காலையில 6 மணிக்குத் திறந்தா ராத்திரி 10 மணி வரைக்கும், மொத்தம் 16 மணி நேரம். சாயங்காலம் கம்பெனி விடற நேரத்துல நிக்க இடம் இருக்காது. டீ வர்ற வரைக்கும் எல்லாரும் மேல பாத்துக்கிட்டு நிப்பாங்க. அதைப் பாத்துத்தான் இந்த ஐடியாவே வந்துச்சு.

நான் போட்ட காசு இது:

- 43 இன்ச் டிவி: ரூ.26,000
- டிவி பின்னாடி மாட்டற சின்ன போர்டு கம்ப்யூட்டர், மெமரி கார்டு, அடாப்டர்: ரூ.8,500
- ஸ்டாண்டு, வயரிங்: ரூ.3,000

மொத்தம் ரூ.37,500. போனஸ்ல இருந்து எடுத்தது. கிரெடிட் கார்டு ஈஎம்ஐ போடல. ஏன்னு கடைசியில புரியும்.

சாஃப்ட்வேருக்குச் செலவு இல்ல. டிஜிட்டல் சைனேஜ்னு சொல்ற இந்த வேலைக்கு ஸிபோ, அந்தியாஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரே இருக்கு. நீங்களே சர்வர்ல போட்டுக்கத் தெரிஞ்சா லைசன்ஸ் காசு மிச்சம். நான் எதைப் பயன்படுத்தினேன்னு சொல்லல, ஏன்னா தப்பு அதுல இல்ல, என்கிட்டதான்.

ஒப்பந்தம் என்ன?

நாலு பேர் பிடிச்சோம். பைக் சர்வீஸ், பல் டாக்டர், ஜவுளிக்கடை மூணு பேருக்கும் நாள் முழுக்க, மாசம் ரூ.1,500. நாலாவது ஒரு டியூஷன் சென்டர். அவருக்குச் சாயங்காலம் 6 முதல் 8 வரை மட்டும் போதும், ரூ.1,800.

எல்லாருக்கும் ஒரே வாக்கு: 15 செகண்ட் விளம்பரம், 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதாவது மணிக்கு 12 தடவை.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. பைக் சர்வீஸ் விளம்பரம் நாளைக்கு 16 × 12 = 192 தடவை, மாசம் 5,760 தடவை ஓடும். ஒரு தடவைக்கு 26 காசு. டியூஷன் விளம்பரம் நாளைக்கு 24 தடவை, மாசம் 720 தடவைதான். ஒரு தடவைக்கு ரூ.2.50. கிட்டத்தட்ட பத்து மடங்கு! அவர் அந்தக் காசைக் கொடுத்ததே அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான். மத்த நேரத்துல ஓடினா அவருக்குப் பிரயோஜனமே இல்ல.

19 நாள் பூஜ்யம்

ஏப்ரல் 10-ஆம் தேதி ஆரம்பிச்சோம். 29-ஆம் தேதி மத்தியானம் ஆபீஸ்ல இருக்கேன், மாமா போன்.

"கண்ணு, டியூஷன் சார் வந்திருக்காரு. நேத்து 6 மணியில இருந்து 7 மணி வரைக்கும் இங்கதான் உக்காந்திருந்தாராம். ரெண்டு டீ குடிச்சாராம். அவரு விளம்பரம் ஒருக்கா கூட வரலீங்கறாரு."

"இல்லீங் மாமா, 18:00 டு 20:00 கரெக்டா போட்டிருக்கேனுங்க. அவரு கவனிச்சிருக்க மாட்டாரு."

சொல்லிட்டு லாக்-இன் பண்ணிப் பாத்தேன். எந்த விளம்பரம் எத்தனை தடவை ஓடுச்சுன்னு இந்த சாஃப்ட்வேர்கள் ஒரு பதிவு வெச்சிருக்கும். பைக் சர்வீஸ், பல் டாக்டர், ஜவுளிக்கடை எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. டியூஷனுக்கு நேரா 0.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல டைம் ஸோன் யூடிசி-லயே இருந்துச்சு. உலகப் பொது நேரம். நம்ம இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னாடி. நான் 18:00-ன்னு போட்டது நம்ம ஊர் நேரப்படி ராத்திரி 11:30. நான் 20:00-ன்னு போட்டது ராத்திரி 1:30. மாமா 10 மணிக்கே மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. மத்த மூணும் நாள் முழுக்க ஓடற மாதிரி போட்டதால அதுல தப்பு வெளிய தெரியல.

19 நாளுக்கான காசு, நாளைக்கு ரூ.60 வீதம், ரூ.1,140. சாயங்காலம் அவரை நேர்ல போய்ப் பாத்தேன். "அந்தக் காசைத் திருப்பித் தந்துடறேன் சார், இல்லைன்னா அடுத்த மாசம் டபுளா ஓட்டறேன்"னேன்.

அவர் கோவப்படல. "தம்பி, எனக்கு அட்மிஷனே ஏப்ரல்லதான். ஜூன்ல நூறு தடவை ஓட்டினாலும் எனக்கு என்ன?"ன்னு மட்டும் கேட்டாரு.

பதில் இல்ல. ரூ.1,800-ம் திருப்பிக் கொடுத்தேன். மீதி இருக்கற நாளுக்கு ஃப்ரீயா ஓட்டறேன்னும் சொன்னேன்.

மாமா ராத்திரி சொன்னது இன்னும் காதுல இருக்கு. "காசு போனா போகுது கண்ணு. அந்த மனுசன் பத்து வருசமா எங்கடையில டீ குடிக்கறவரு. எம் மூஞ்சியப் பாத்துத்தான் குடுத்தாரு."

அவசரத்துல ரெண்டாவது தப்பு

டைம் ஸோனை மாத்திட்டேன். அதோட விட்டிருக்கலாம். டியூஷன் சாருக்கு நல்லாத் தெரியணும்னு, அந்த விளம்பரத்துக்கு "பிரையாரிட்டி"யை ஏத்தி விட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் 6:20-க்கு மறுபடி மாமா. "கண்ணு, டிவியில டியூஷன் வாத்தியார் மட்டுந்தான் தெரியறாரு. எக் பப்ஸ் என்ன விலைன்னு ஒவ்வொருத்தரும் கல்லாவுக்கு வந்து கேக்கறாங்க!"

பிரையாரிட்டிங்கறது "அடிக்கடி காட்டு"ன்னு அர்த்தம் இல்ல. "இது இருக்கற வரைக்கும் மத்ததெல்லாம் ஒதுங்கு"ன்னு அர்த்தம். அப்படியே விட்டிருந்தா ரெண்டு மணி நேரத்துல அந்த 15 செகண்ட் விளம்பரம் 480 தடவை ஓடியிருக்கும். மெனுவும் இல்ல, மத்த மூணு பேர் விளம்பரமும் இல்ல. ஒருத்தருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்த மூணு பேர் வாக்கை உடைச்சேன்.

பிரையாரிட்டி எதுக்கு? "இன்னைக்குக் கடை 4 மணிக்கு மூடறோம்" மாதிரி அறிவிப்புக்கு. காசு வாங்கின விளம்பரத்துக்கு இல்ல.

சரியான வழி: மணிக்கு இத்தனை செகண்ட்

அப்பத்தான் உக்காந்து ஒழுங்காப் படிச்சேன். ஒரு ஸ்க்ரீன்ல விளம்பரத்தைக் குறுக்க விட மூணு வழி இருக்கு.

1. பிளேலிஸ்ட்ல சொருகறது. நான் முதல்ல பண்ணினது. மாமாவோட மெனு ஸ்லைடு 10, ஒவ்வொண்ணும் 20 செகண்ட், மொத்தம் 200. நாலு விளம்பரம் 60 செகண்ட். ஒரு சுத்து 260 செகண்ட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 செகண்ட், அதை 260-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 13.8 தடவை. 12-ன்னு சொன்ன வாக்கு காப்பாத்தியாச்சு.

இப்ப மாமா ஆசையா 90 செகண்ட் பர்த்டே கேக் வீடியோ ஒண்ணு சேக்கறாரு. சுத்து 350 செகண்ட் ஆயிடுது. மணிக்கு 10.3 தடவைதான். விளம்பரத்தை யாருமே தொடல, ஆனா வாக்கு உடைஞ்சுபோச்சு! மெனு வளர வளர விளம்பரம் சுருங்கும். இதுல இருக்கற பெரிய ஓட்டை இதுதான்.

2. பிரையாரிட்டி. மேல பாத்தோம். முழு ஸ்க்ரீனையும் முழுங்கிடும்.

3. இன்டரப்ட். இதுதான் நமக்குத் தேவை. மெனு தன் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு: "இந்த விளம்பரத்துக்கு ஒரு மணி நேரத்துல இத்தனை செகண்ட்." ஸிபோவுல இதை "ஷேர் ஆஃப் வாய்ஸ்"னு சொல்றாங்க. அந்த செகண்டை மணி நேரம் முழுக்கப் பரவலாப் பிரிச்சு, நடுநடுவுல சாஃப்ட்வேரே சொருகிக்கும். மெனுவுல எத்தனை ஸ்லைடு சேத்தாலும் விளம்பரத்தோட பங்கு மாறாது.

நம்ம கணக்கு இப்படி வரும்:

- ஒரு விளம்பரதாரருக்கு: 12 × 15 = 180 செகண்ட்
- நாலு பேருக்கு: 720 செகண்ட்
- 720 ÷ 3,600 = 20 சதவீதம்

மாமாகிட்ட ஒரு கோடு போட்டுக்கிட்டோம்: 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுக்கு மேல போனா பப்ஸ் விலை பாக்க வந்தவருக்கு எரிச்சல் வரும், அப்புறம் யாருமே டிவியைப் பாக்க மாட்டாங்க. அஞ்சாவது ஆள் காசோட வந்தாலும் "இடம் இல்லீங்க"தான்.

இதுல கவனிக்க வேண்டியது மூணு:

- விளம்பரத்தோட நீளம். 180 செகண்டுக்கு 15 செகண்ட் விளம்பரம் 12 தடவை வரும். அவர் 20 செகண்ட் வீடியோ கொடுத்தா 9 தடவைதான். அதனால "இத்தனை தடவை, இத்தனை செகண்ட் நீளம்"னு ரெண்டையும் எழுதி வாங்குங்க.
- துல்லியமான நிமிஷம் கிடைக்காது. ஓடிக்கிட்டு இருக்கற ஸ்லைடு முடிஞ்ச பிறகுதான் விளம்பரம் வரும். "சரியா 6 மணி 0 நிமிஷத்துக்கு வரணும்"னு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. "சராசரியா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை"ன்னு சொல்லுங்க.
- அடியில மெனு இருக்கணும். அதே நேரத்துல சாதாரண ஷெட்யூல் ஒண்ணும் ஓடினாத்தான் இது குறுக்க வர முடியும்.

கடிகாரத்தை நம்பாதீங்க

எல்லாம் சரியாச்சுன்னு நினைச்சேன். ஜூன்ல ஒரு நாள் பேக்கரி டாங்கிள்ல ரீசார்ஜ் தீந்துபோச்சு. டாக்டர் கிளினிக் நேரத்தைக் காட்டற ஸ்லைடு சாயங்காலம் வரவே இல்ல.

நான் வாங்கின போர்டுல பேட்டரியோட கூடின கடிகாரம் கிடையாது. விலை கம்மியான போர்டுகள் பலதும் இப்படித்தான். ராஸ்பெரி பை 4 வரைக்கும் அந்தக் கடிகாரம் இல்ல. 5-ல இருக்கு, ஆனா பேட்டரியைத் தனியா வாங்கி மாட்டணும். இந்த மாதிரி போர்டு ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் இன்டர்நெட்ல இருந்துதான் நேரத்தைத் தெரிஞ்சுக்கும். நெட் இல்லைன்னா, கடைசியா எப்ப ஆஃப் ஆச்சோ அந்த நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சிடும்.

மாமா ராத்திரி 10-க்கு ஆஃப் பண்ணி காலையில 6-க்கு ஆன் பண்ணினா, அது ராத்திரி 10-ன்னே நினைச்சுக்கிட்டு எழுந்திருக்கும். 8 மணி நேரம் பின்னாடி. நமக்குச் சாயங்காலம் 6, அதுக்குக் காலையில 10!

சில நூறு ரூபாய்ல கடிகார மாட்யூல் ஒண்ணு வாங்கி மாட்டினேன், பிரச்சினை தீந்துச்சு. டாங்கிள் ரீசார்ஜ் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி போன்ல அலாரமும் வெச்சுட்டேன்.

இப்ப கையில என்ன நிக்குது?

நாலு பேரும் இருந்தா:

- வரவு: ரூ.4,500 + ரூ.1,800 = ரூ.6,300
- கரண்ட்: டிவி, போர்டு ரெண்டும் சேந்து சுமார் 100 வாட். 16 மணி நேரம், 30 நாள் = 48 யூனிட். யூனிட் ரூ.10-ன்னு வெச்சுக்கிட்டா ரூ.480
- டாங்கிள்: ரூ.300
- மீதி: ரூ.5,520. மாமாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. என் பங்கு ரூ.2,760

போட்ட ரூ.37,500 திரும்ப வர 14 மாசம் ஆகும். இது பேப்பர் கணக்கு.

டியூஷன் சார் போன பிறகு மூணு பேர்தான். வரவு ரூ.4,500, செலவு போக ரூ.3,720, என் பங்கு ரூ.1,860. இப்ப 20 மாசம் ஆகும். நாலுல ஒருத்தர் போனதுக்கே ஆறு மாசம் தள்ளிப்போகுது. அதனாலதான் கடன் வாங்கி இதைப் பண்ணாதீங்கன்னு சொல்றேன். ஈஎம்ஐ-க்கு உங்க விளம்பரதாரர் போனது தெரியாது.

மாசம் ஆறு மணி நேரம் என் உழைப்பும் இருக்கு. டிசைன் மாத்தறது, காசு வசூல் பண்றது, ரிப்போர்ட் அனுப்பறது. போட்ட காசு திரும்பி வர்ற வரைக்கும் அந்த உழைப்புக்குக் கூலி இல்லைன்னுதான் எடுத்துக்கணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

- டைம் ஸோன். சாஃப்ட்வேர் அக்கவுண்ட், போர்டு ரெண்டுலயும் இந்திய நேரம்தானான்னு பாருங்க. முதல் நாள் அந்த நேரத்துல நேர்ல நின்னு கண்ணால பாருங்க. நான் அந்த ஒரு நாள் போயிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது.
- ரிப்போர்ட். எத்தனை தடவை ஓடுச்சுங்கற பதிவை மாசா மாசம் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. அவர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்க அனுப்பணும். குறைஞ்சிருந்தா நீங்களே சொல்லிடுங்க.
- டிவி வாரண்டி. வீட்டு டிவியைக் கடையில மாட்டினா பல மாடலுக்கு வாரண்டி செல்லாது. கார்டைப் படிச்சுட்டு வாங்குங்க.
- சினிமாப் பாட்டு, கிரிக்கெட் மேட்ச் வேண்டாம். காப்பிரைட் பிரச்சினை. விளம்பரதாரர் நடிகர் படம் போட்டுக் கொடுத்தாலும் வாங்காதீங்க.
- ரோட்டைப் பாத்து வைக்காதீங்க. வெளிப்பக்கம் தெரியற விளம்பரத்துக்கு உள்ளாட்சி அனுமதி விதிகள் வரும். கடைக்குள்ள வையுங்க.
- ஆபீஸ் ஒப்பந்தம். வேற வருமானம் பாக்கலாமான்னு ஆஃபர் லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. தேவைப்பட்டா எழுத்துல அனுமதி வாங்குங்க.
- வரி. இது தொழில் வருமானம். வழக்கமாப் போடற ஐடிஆர்-1 இதுக்கு ஆகாது, ஐடிஆர்-3 அல்லது 4 வரும். தொழில் வருமானம் இருந்தா, பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கற வசதியும் போயிடும். வீட்டுக்கடன் வெச்சிருக்கறவங்க இதை ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க. சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வருஷ வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினாத்தான், நம்ம கணக்கு அது கிட்டயே போகாது.

உங்க சம்பளத்துக்கும் இதே கணக்குதான்

டிவி மாட்டப் போறதில்லைன்னாலும் இது உங்களுக்கு உதவும். நம்மள்ல பல பேர் சேமிப்பை அந்த முதல் வழி மாதிரிதான் வெச்சிருக்கோம். செலவு லிஸ்ட்டோட கடைசியில சொருகி வெச்சிருக்கோம். புதுசா ஒரு சப்ஸ்கிரிப்ஷன், ஒரு ஈஎம்ஐ சேந்தா சேமிப்பு தானா சுருங்குது. யாரும் அதைத் தொடல, ஆனா குறைஞ்சுபோச்சு.

ரூ.35,000 சம்பளம்னா 20 சதவீதம் ரூ.7,000. சம்பளம் வந்த ரெண்டாவது நாள் எஸ்ஐபி-யோ ஆர்டி-யோ தானா எடுத்துக்கற மாதிரி தேதி வையுங்க. மத்த செலவு எப்படி வளர்ந்தாலும் இது மாறக் கூடாது. அதே நேரம் எல்லாத்தையும் சேமிப்புக்கே பிரையாரிட்டி கொடுத்துட்டு மாசக் கடைசியில கிரெடிட் கார்டைத் தேச்சா, எக் பப்ஸ் விலை தெரியாத கதைதான்.

செப்டம்பர்ல டியூஷன் சார் திரும்ப வந்தாரு. காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் புது பேட்ச் ஆரம்பிக்கறாராம். "அதே 6 டு 8, அதே ரூ.1,800. ஆனா அட்வான்ஸ் கிடையாது தம்பி. மாசக் கடைசியில ரிப்போர்ட்டைப் பாத்துட்டுத் தரேன்"னாரு.

சரிங்க சார்னேன். அந்த மாசம் 720 தடவை ஓடணும், ரிப்போர்ட்ல 731 இருந்துச்சு. காசை மாமா கல்லாவுலதான் கொடுத்துட்டுப் போனாரு.

உங்க ஊர்ல இந்த மாதிரி யாராவது பண்றாங்களா? எவ்வளவு வாங்கறாங்க, எத்தனை தடவை ஓட்டறாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல பேசுவோம்.